தொற்றுநோயியல் அடிப்படை: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு காலை நாங்கள் நடத்தும் சிறு வகுப்புக்கு நர்சிங் மாணவிகள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வரும் சமூகப்பணி மாணவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். முதல் மாதத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சுகாதார ஆய்வாளராக இருந்தபோது தெருவில் கற்றுக்கொண்டதை வைத்து நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொற்றுநோயியல் என்றால் தொற்றுநோய்களைப் பற்றிய படிப்பு மட்டும்தானா?

இல்லை. தமிழில் பெயர் அப்படி அமைந்துவிட்டது. சர்க்கரை நோய், பாம்புக்கடி, புதுச்சேரி – கடலூர் சாலையில் நடக்கும் விபத்து, பிரசவத்தில் தாய் இறப்பது, எல்லாமே இதற்குள் வரும். 'நோய்ப்பரவலியல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். ஆனால் வழக்கில் நிலைத்தது தொற்றுநோயியல் என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

டாக்டர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். நாம் அவர் வந்த தெருவைப் பார்க்கிறோம். யாருக்கு வந்தது, எந்த இடத்தில் வந்தது, எப்போது வந்தது என்பதே முதல் மூன்று கேள்விகள். உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அது மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகமாகத் தலைகாட்டும். புதரை ஒட்டி வேலை செய்கிறவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், திறந்தவெளிக்குப் போகிறவர்கள் என்று பட்டியல் தானாகவே ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வைக் கவனித்த பிறகுதான் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் உண்ணி கடித்த கருகிய புண் இருக்கிறதா என்று தேடத் தோன்றும்.

எனக்குக் கணக்கு வராது. டாக்டரும் இல்லை. படிக்க முடியுமா?

முடியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். ஒரு வருஷம் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆறாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். இந்தப் படிப்பில் உயிர்நாடி அந்தப் பகுதிதான். "எங்கள் ஏரியாவில் இருபது பேருக்குக் காய்ச்சல்" என்று ஒருவர் போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பேரில் இருபது?" என்பதுதான். இருபத்தைந்து வீடு உள்ள ஒரு தெருவில் இருபது பேர் என்றால் உடனே வண்டி எடுக்க வேண்டும். தேவனாம்பட்டினம் முழுக்கச் சேர்த்து இருபது பேர் என்றால் மழைக்காலத்தில் அது வழக்கமாகவே இருக்கலாம். நோயாளிகளை எண்ண எல்லாருக்கும் தெரியும். நோய் வராதவர்களையும் உட்கார்ந்து எண்ணும்போதுதான் தொற்றுநோயியல் தொடங்குகிறது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீனவர் குப்பத்தில் பேதி என்று கணக்கெடுக்கப் போனேன். நேரம் காலை பத்தரை மணி. ஆண்கள் கடலுக்குள், பெண்கள் மீன் கூடையோடு மார்க்கெட்டில். பூட்டிய வீடுகளை 'நோய் இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். அன்று மாலை அந்தத் தாளைப் பார்த்த மூத்த செவிலியர் அம்மா, "பூட்டுன வீட்டையெல்லாம் நல்லா இருக்குற வீடுன்னு எழுதிட்டியே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனார். பூட்டிக் கிடந்த வீடுகளில் நான்கு, நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதால் பூட்டப்பட்டவை. எங்கே நோய் அதிகமோ அந்த வீடுகளைத்தான் நான் ஆரோக்கியமானவை என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து என் நோட்டில் 'ஆள் இல்லை' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு.

நிகழ்வு வீதம், பரவல் வீதம்: இரண்டும் ஒன்றுதானே?

வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 47.50 அடி என்று மாவட்டத்தில் பலருக்கும் மனப்பாடம். இன்று ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது இருப்பு. இன்று வடவாறு வழியாக எவ்வளவு வந்தது என்பது வரத்து. பரவல் வீதம் என்பது இருப்பு: இன்றைய தேதியில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது. நிகழ்வு வீதம் என்பது வரத்து: இந்தக் காலத்துக்குள் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது. வரத்து நின்றாலும் இருப்பு உடனே குறையாது. வடிகாலை அடைத்தால் வரத்து கூடாமலே இருப்பு ஏறும். சர்க்கரை நோயாளிகள் நல்ல சிகிச்சையால் நெடுநாள் வாழும்போது பரவல் வீதம் ஏறுவது அப்படித்தான். அந்த ஏற்றம் தோல்வி இல்லை.

இந்த வேறுபாட்டுக்குப் புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது. யானைக்கால் நோய் இந்த ஊருக்கு நெடுநாள் தலைவலி. கொசு வழி பரவும் நோய்களை ஆராய 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இங்கே தொடங்கிய நிலையத்தைத்தான் ஊரில் வி.சி.ஆர்.சி. என்கிறோம். யானைக்காலைப் பரப்புவது கியூலக்ஸ் கொசு. அடைத்த சாக்கடையும் மூடாத கழிவுநீர்த் தொட்டியும் அதற்குப் பிறந்த வீடு. வீங்கிய காலோடு இருக்கும் பெரியவர்களை எண்ணினால் இருப்பு மட்டும்தான் தெரியும். நோய் பரவுவது நின்ற பிறகும் அந்தக் கால்கள் அப்படியே இருக்கும். இப்போதும் பரவுகிறதா என்று அறிய ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தக் குழந்தைகளிடம் தொற்று இருந்தால் அது அண்மையில் வந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

நுண்புழுவைத் தேட இரவில் ரத்தம் எடுப்பது ஏன் என்றும் கேட்பார்கள். நம் பக்கத்து யானைக்கால் புழுவின் குஞ்சுகளான இந்த நுண்புழுக்கள் இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன. பகலில் எடுத்தால் தொற்று உள்ளவரையும் இல்லாதவர் என்று எழுத நேரும்.

கடலூர்க்காரர் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எந்த ஊர்க் கணக்கில் வரும்?

அவர் வசிக்கும் ஊர்க் கணக்கில். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நம் பகுதியில் நடக்கும் தவறான ஒப்பீடுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து கடுமையான நோயாளிகள் ஜிப்மருக்குப் போகிறார்கள். அங்கே நடந்த டெங்கு இறப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் புதுச்சேரி மக்கள்தொகையால் வகுத்தால், மேலே மூன்று மாவட்டம், கீழே ஒரு ஊர். புதுச்சேரி பயங்கரமாகவும் கடலூர் பத்திரமாகவும் தெரியும். இரண்டும் பொய். பாகூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எங்கே தமிழ்நாடு முடிகிறது, எங்கே புதுச்சேரி தொடங்குகிறது என்று கடைப் பலகையைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொசுவுக்கு அந்த எல்லை கிடையாது. அதனால் முகவரிக் கட்டத்தில் 'புதுச்சேரி அருகில்' என்று எழுதாதீர்கள். கிராமம், தெரு, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி வரை எழுதுங்கள்.

எத்தனை பேருக்கு வந்தால் கொள்ளைநோய்?

நிரந்தர எண் கிடையாது. அந்த ஊரில், அந்தப் பருவத்தில் எதிர்பார்ப்பதைவிடத் தெளிவாக அதிகமானால் அது கொள்ளைநோய். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். இனி ஒரே ஒரு குழந்தைக்கு வந்தாலும் அது அவசரநிலைதான்.

நோயாளி யார் என்று முடிவு செய்ய எதற்குத் தனி வரையறை? பார்த்தாலே தெரியாதா?

ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எண்ணுவோம், அதனால். ஒருவர் ஒரு தடவை வயிறு கலங்கியதையும் பேதி என்பார், இன்னொருவர் பத்து தடவை போனால்தான் சேர்ப்பார். '24 மணி நேரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நீராகப் போனவர், இந்த வார்டில் வசிப்பவர், இந்தத் தேதிக்குப் பிறகு' என்று முன்பே எழுதிவிட்டால், மஞ்சக்குப்பத்தில் எண்ணியதும் திருப்பாதிரிப்புலியூரில் எண்ணியதும் ஒரே அளவுகோலில் இருக்கும். லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கவும் இதுதான் வழி.

புளியங்கொட்டை வைத்து என்னமோ செய்வீர்களாமே?

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதன் கீழே தேதிகளை எழுதுவோம். ஒரு நோயாளிக்கு ஒரு புளியங்கொட்டை. அவருக்கு நோய் தொடங்கிய தேதிக்கு மேலே அடுக்குவோம். ஆஸ்பத்திரிக்கு வந்த தேதி வேண்டாம், தொடங்கிய தேதி. நாற்பது கொட்டை வைப்பதற்குள் தரையில் ஒரு வடிவம் எழும்பிவிடும்.

ஒரே நாளில் குபீரென ஏறி, இரண்டொரு நாளில் சரிந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எதையோ உட்கொண்டிருக்கிறார்கள். ஏறி இறங்காமல் மேடு போல நீண்டால் அந்த ஊற்று இன்னும் திறந்தே இருக்கிறது. உடைந்த குழாயில் சாக்கடை கலந்துகொண்டே இருப்பது போல. அலை அலையாக, இடைவெளி விட்டு உயர்ந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது. தட்டம்மையில் அந்த இடைவெளி ஏறக்குறைய பத்துப் பதினான்கு நாள். கிருமி உள்ளே போனதிலிருந்து நோய் தெரியும் வரை காலராவில் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் ஆகும். மஞ்சள்காமாலை ஏ வகையில் சராசரி 28 நாள். அதனால் இன்று காமாலை வந்தவரிடம் நேற்று சாப்பிட்டதைக் கேட்டுப் பயனில்லை. போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தார் என்று கேட்க வேண்டும்.

கணினியில் இதே படம் ஒரு நொடியில் வரும். இருந்தாலும் முதல் தடவை கையால் அடுக்கிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு கொட்டையைக் கீழே வைக்கும்போது அது ஒரு ஆள் என்ற நினைப்பு விரலில் இருக்கும்.

எந்தச் சாப்பாட்டால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது வகுப்புக்காக நான் போட்ட கணக்கு. ஒரு வளைகாப்பு. மதியம் ஒரு மணிக்கு 120 பேர் சாப்பிட்டார்கள். மூன்று மணியிலிருந்து ஒவ்வொருவராக வாந்தி. இரவுக்குள் 36 பேர். ஊர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கலைத் திட்டுகிறது. காரணம், வாந்தி எடுத்த 36 பேரில் 30 பேர் பொங்கல் சாப்பிட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் தயிர் சாதம் என்கிறார். அதைச் சாப்பிட்டவர்கள் 36-ல் 32. முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இப்போது நோய் வராத 84 பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பொங்கல் சாப்பிட்டவர்கள் மொத்தம் 100 பேர், அதில் 30 பேருக்கு வாந்தி: நூற்றுக்கு 30. சாப்பிடாதவர்கள் 20 பேர், அதில் 6 பேர்: அதுவும் நூற்றுக்கு 30. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். பொங்கல் பாவம், அது எல்லா இலையிலும் இருந்தது, அவ்வளவுதான்.

தயிர் சாதம் சாப்பிட்டவர்கள் 70 பேர், வாந்தி 32 பேருக்கு: நூற்றுக்கு ஏறக்குறைய 46. சாப்பிடாதவர்கள் 50 பேர், வாந்தி 4 பேருக்கு: நூற்றுக்கு 8. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5.7 வருகிறது. தயிர் சாதம் சாப்பிட்டவருக்கு வாந்தி வரும் வாய்ப்பு, சாப்பிடாதவரைப் போல ஐந்தே முக்கால் மடங்கு. நூற்றுக்கு இத்தனை என்று வந்த எண்ணின் பெயர் தாக்கு வீதம். அவற்றின் விகிதத்துக்குப் பெயர் ஆபத்து விகிதம்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்பதே ஒரு துப்பு. கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகுவதற்கு அந்த நேரம் போதாது. சாதத்திலேயே நஞ்சு உண்டாகி இருந்திருக்க வேண்டும். விடிகாலையில் வடித்த சாதத்தை அண்டாவில் மூடி, வெயில் ஏறும் வரை அப்படியே வைத்துவிட்டுப் பிறகு தயிர் ஊற்றிக் கிளறினால் இப்படி நடக்கும். சில நஞ்சுகள் திரும்பச் சூடாக்கினாலும் போவதில்லை.

வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "சார், தயிர் சாதமே தொடாத நாலு பேருக்கு எப்படி வந்தது?" அப்படிக் கேட்கிறவரை நான் முன் வரிசைக்கு அழைத்துக்கொள்வேன். மறந்திருக்கலாம். தயிர் சாதக் கரண்டியைப் புளியோதரையில் போட்டிருக்கலாம். மசக்கையில் வாந்தி எடுத்த பெண்ணும் கணக்கில் சேர்ந்திருக்கலாம். விதிவிலக்கை ஒதுக்கிவிடாமல் வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

ஜான் ஸ்னோ கதையை எல்லாரும் சொல்வது ஏன்?

1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா. ஸ்னோ என்ற டாக்டர் இறந்தவர்களை வீடு வீடாகக் குறித்து, பெரும்பாலோர் ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்ததைக் கண்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். இதுதான் பாடப்புத்தகக் கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் தேடிப் போன விதிவிலக்குகள். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளுக்குக் காலரா வரவில்லை; அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. எங்கோ தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்தார். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அவர் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார்.

தெற்கு லண்டனில் அவர் செய்தது இன்னும் அழகு. அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. ஒரு கம்பெனி தேம்ஸ் நதியில் நகரத்துக் கழிவு கலக்கும் இடத்தில் தண்ணீர் எடுத்தது. இன்னொன்று நதி நகரத்துக்குள் வருவதற்கு முன்பே உள்ள சுத்தமான இடத்துக்கு மாறியிருந்தது. முதல் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 இறப்பு, அதாவது பத்தாயிரம் வீட்டுக்கு 315. இரண்டாவதன் 26,107 வீடுகளில் 98 இறப்பு, பத்தாயிரத்துக்கு 37. பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியை எண்ணிய மனிதர். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-ல். அதற்கு முப்பது வருஷம் முன்பே, கிருமியைப் பார்க்காமலே, எதை நிறுத்த வேண்டும் என்று ஸ்னோவுக்குத் தெரிந்திருந்தது.

காலரா எல்லாம் பழைய கதை இல்லையா?

2022 ஜூலையில் காரைக்காலில் வாந்திபேதி பரவி, காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு அங்கே பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. கெடிலமும் தென்பெண்ணையும் கரை தாண்டும் ஊரில் இருப்பவர்கள் இதை மறக்க முடியாது. வெள்ளம் வடிந்த தெருவில் நான் முதலில் செய்வது குழாய்த் தண்ணீரைச் சின்னச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்துத் துளி விடுவதுதான். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் பிடித்தால் எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். தெருவின் கடைசி வீட்டில் பிடியுங்கள்.

ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தால் அதுதான் காரணமா?

டீக்கடையில் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஒரு கணக்கு வந்தால், டீயைக் குற்றம் சொல்வீர்களா? ஒவ்வொரு டீயோடும் ஒரு பீடி பற்றுகிறது. டீயோடும் சேர்ந்து, நோயோடும் சேர்ந்து நிற்கும் அந்தப் பீடிக்குத்தான் குழப்பும் காரணி என்று பெயர். பீடி பிடிக்காதவர்களை மட்டும் தனியாக எடுத்து, அவர்களில் டீ குடிப்பவர், குடிக்காதவர் என்று பிரித்துப் பாருங்கள். டீ மேல் விழுந்த பழி காணாமல் போகும். வயதும் இப்படித்தான் பல கணக்குகளைக் குழப்பும்.

டெஸ்டில் பாசிட்டிவ் என்றால் நோய் உறுதிதானே?

பத்தாயிரம் பேரில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். டெஸ்ட் நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக விடுகிறது. நல்ல டெஸ்ட்தான். நோயாளிகளில் 90 பேர் பாசிட்டிவ். மீதி 9,900 பேரில் நூற்றுக்கு 5 வீதம் 495 பேரும் பாசிட்டிவ். மொத்தம் 585 பேரில் உண்மையான நோயாளி 90, அதாவது நூற்றுக்குப் பதினைந்து. அதே டெஸ்டை நோய் அதிகம் உள்ள தெருவில் செய்தால் இந்த எண் மளமளவென ஏறும். சும்மா எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லும் முகாம்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரட்டும்.

களத்தில் நாங்கள் எழுதும் தகவல் எங்கே போகிறது?

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு. அறிகுறியை வைத்துக் களப்பணியாளர் எழுதுவது எஸ் படிவம், டாக்டர் எழுதுவது பி படிவம், பரிசோதனைக்கூடம் எழுதுவது எல் படிவம். இப்போது இணையத்திலேயே பதிவாகிறது. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: யாருக்கும் நோய் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதி அனுப்புங்கள். வெற்றுக் கட்டம், நான் அன்று பூட்டிய வீட்டைக் கடந்து போனதற்குச் சமம்.

மேலே படிக்க எங்கே போகலாம்?

ஜிப்மரில் பொது சுகாதார முதுகலைப் படிப்பு உண்டு. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்திலும் உண்டு. கொசு, உண்ணி பக்கம் ஆர்வம் இருந்தால் வி.சி.ஆர்.சி.யைக் கேட்டுப் பாருங்கள். மென்பொருள் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். எக்செல் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும், பிறகு இலவசமாகவே கிடைக்கும் 'ஆர்' (R) இருக்கிறது.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு பிடி புளியங்கொட்டை. வருவதற்கு முன் உங்கள் தெருவில் எத்தனை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தை, யார் வீட்டுத் தண்ணீர் எந்தக் குழாயில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பூட்டியிருந்த வீட்டுக்கு மாலையில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு.